கிழித்த தாள்

போன நோன்புப் பெருநாள் லீவில் ராத்தாவின் மகனுடைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எறிந்தேன். அவனுக்கு 13 வயது. நாலு கை, இரண்டு முகம், வாய் நிறையப் பல்லாக ஒருவனை மூன்று நாள் குந்தியிருந்து கீறியிருந்தான். “ஷைத்தானையா ஊட்டுக்குள்ள கீறி வெச்சிருக்காய்?” என்று அவன் தங்கச்சிமார் பார்த்திருக்கக் கத்தினேன். அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பென்சில் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனான். அக்கரைப்பற்றில் இத்தனை வருடம் வரலாறு படிப்பிக்கிற நான், இது யார் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். கேகே அகுதாமி 2018 முதல் 2024 வரை எழுதி வரைந்த ‘ஜுஜுட்சு கைசென்’ என்ற ஜப்பானிய மங்காப் படக்கதையின் வில்லன் சுகுனாவைத்தான் மருமகன் கீறியிருந்தான். அந்தப் பெயரும் உருவமும் மிகப் பழையவை. கி.பி. 720இல் எழுதி முடித்த ‘நிஹோன் ஷோகி’ என்ற அரசவை வரலாற்றிலேயே அவன் இருக்கிறான். ஹிதா மாகாணத்தில் ஓருடம்பும் இரு முகமுமாக ஒருவன். நாலு கையாலும் வில் பிடிப்பான். பேரரசர் நிந்தொகுவுக்கு அடங்காமல் குடிகளைக் கொள்ளையடித்தான். படைத்தலைவனை அனுப்பிக் கொன்றார்கள். எழுதி வைத்தது கொன்ற பக்கம். ஹிதாவின் மலையூர்களிலோ அவர் கோயில் கண்ட பெரியவர். தகயாமாவின் செங்கோ-ஜி கோயிலில், 17ஆம் நூற்றாண்டுத் துறவி என்கூ செதுக்கிய அவருடைய மரச்சிலை இருக்கிறது. அதன் படத்தை நெடுநேரம் பார்த்தேன். இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில், கையில் கோடரி, உளி பட்ட தழும்புகள் அப்படியே. மலைக்காட்டில் பிழைக்கிறவனின் கோடரி அது. அங்கே விளைகிற நீளப் பூசணிக்காய்க்கும் அவர் பெயர்தான். வெறுத்தவனின் பெயரைக் கறிக்காய்க்கு யார் வைப்பார்கள்?

இது எனக்குப் புதிதாகப் பட்டிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் முக்குவர், திமிலர் என்ற இரண்டு குலத்தார் போட்ட பழைய சண்டைக் கதையை வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! முக்குவருக்குத் துணையாக எங்கள் முஸ்லிம் ஆட்கள் நின்று திமிலரை வடக்கே துரத்தினார்கள். எதிரியைப் பிடித்த இடம் சத்துருக்கொண்டான், திரும்பி வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை என்று மூத்தம்மா சொன்னதை அப்படியே சொல்வேன். வென்ற பக்கம் நாங்கள் என்பதால் அந்த இடத்தில் என் குரல் தானாக உயரும். பிள்ளைகளும் கைதட்டுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகனைக் கூப்பிட்டு, “நான் செஞ்சது பிழை மனே, பொறுத்துக்க” என்றேன். போனில் சிலையைக் காட்டினேன். திமிலர் கதையையும் சொன்னேன், இந்தத் தடவை குரலை உயர்த்தாமல். கேட்டுக்கொண்டிருந்தவன் கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றை விரித்தான்.

“திமிலன் எப்படி மாமா இருப்பான்? அவங்கட தலைவன்ட பேரென்ன?”

இத்தனை வருடமும் நான் சொல்லிவந்த கதையில் ஒரு திமிலனுக்கும் பெயர் இருக்கவில்லை, முகமும் இருக்கவில்லை. அவன் பென்சிலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.