அவன் கேட்டதும் நான் அடக்கியதும்

நாகர்கோவில் கல்லூரியொன்றில் வணிகவியல் ஆசிரியராகவும் என்.சி.சி. அலுவலராகவும் இருந்தவன் நான். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினேன். கேள்வி கேட்ட மாணவனின் வாயை அடைத்தேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

நல்ல சரக்கும் சந்தையில் தோற்கும் என்பதற்கு வகுப்பில் நான் சொல்லிவந்த உதாரணம், அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1969-இல் அறிமுகப்படுத்திய 5 மி.மீ. மேக்னம் தோட்டா. அதன் குண்டு வினாடிக்குச் சுமார் 2,100 அடி வேகத்தில் பாயும். ஆனாலும் அதற்கான ரைஃபிள்களின் உற்பத்தி 1974-இலும், தோட்டாவின் உற்பத்தி 1982-இலும் நின்றுபோயின. ‘விளம்பரம் போதவில்லை’ என்று காரணம் சொல்லி முடிப்பேன். அது எங்கும் படித்ததல்ல, நானாகச் சொன்னது.

ஒருநாள் சுடுபயிற்சி முடிந்து, .22 ரைஃபிளின் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்கும் நேரம். கோயில் திருவிழாக்களில் கதினாவெடி போடுபவரின் மகன் ஒருவன் கேட்டான்: “கதினாவுல மருந்து இடிச்சு நிறைக்கது மாதிரி, இதுலயும் திரும்ப நிறைக்கலாமா சார்?”

எனக்கு விடை தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. “லே, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத. எண்ணிப் போடு” என்று அதட்டினேன். அதன்பின் அவன் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். நாங்கள் சுட்ட .22-உம், நான் உதாரணம் சொன்ன 5 மி.மீ.-உம் ரிம்ஃபயர் வகைத் தோட்டாக்கள். இவ்வகையில் தீமூட்டும் மருந்து, கூட்டின் அடிவிளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும். நசுங்கிய விளிம்பை வீட்டில் சரிசெய்து மறுபடி நிறைப்பது நடைமுறையில் ஆகாத காரியம். தீமூட்டும் மருந்தை அடியின் நடுவில் தனிக் குப்பியில் வைத்த தோட்டா அப்படியல்ல. குப்பியை மாற்றி மருந்தும் குண்டும் இட்டால் மீண்டும் பயன்படும். அதனால் கம்பெனி கைவிட்ட பழைய வகைகளைக்கூட ஆர்வலர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ரிம்ஃபயரில் ஆலை நின்றால், வாங்கியவர் கையிலிருக்கும் துப்பாக்கி வெறும் இரும்பு.

5 மி.மீ. தோட்டாவுக்குள் எழும் அழுத்தமும் அதிகம். அதனால் மற்ற நிறுவனங்களால் தங்கள் சாதாரண .22 துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றி அதற்கு இடம்கொடுக்க முடியவில்லை. துப்பாக்கி பெருகாததால் தோட்டா விற்கவில்லை. தோட்டா கடையில் கிடைக்காததால் துப்பாக்கியை வாங்க ஆளில்லை. மெக்சிகோவின் அகிலா நிறுவனம் அதை மறுபடி தயாரித்தபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மாறாக, 2002-இல் வந்த .17 எச்.எம்.ஆர். என்ற ரிம்ஃபயர் தோட்டா, ஏற்கெனவே புழக்கத்திலிருந்த .22 மேக்னத்தின் கூட்டையே கழுத்துச் சுருக்கி உருவாக்கப்பட்டது. பல நிறுவனங்கள் எளிதில் துப்பாக்கி செய்தன, அது நிலைத்தது. 1887-இல் பிறந்த .22 லாங் ரைஃபிள் மலிவாக, எங்கும் கிடைப்பதாக இன்றும் வாழ்கிறது.

வேகத்தைவிடத் தொடர்ந்து கிடைப்பதே சந்தையில் ஒரு தோட்டாவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அந்த உண்மையின் வாசல்வரை வந்து நின்றவன் அந்த மாணவன். கதவைச் சாத்தியவன் நான். விளம்பரக் கதையை என்னிடம் கேட்டு எழுதிவைத்த மாணவர்கள் அதை அடித்துவிடட்டும்.

ஆசிரியப் பணியில் இருப்பவர்களே, விடை தெரியாத கேள்வி வந்தால் “தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.