பதினோராம் பருவம்

எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்குள், தண்ணீர் லாரி அறிவிப்புக்குப் பக்கத்தில், கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒரு விளம்பரம்: ‘குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறோம். 5 மாதம் முதல். இரண்டு இடம் காலி.’ எழுதியவர் இரண்டாம் மாடி அம்மாள். அந்தப் பன்மையில் அவருடைய கணவரும் அடக்கம். அவர் பார்த்துக்கொள்வது செய்தித்தாளை.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 5 மாதம். மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் அதற்குக் காரணம் கிடைக்கும். 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பேறுகளுக்கு விடுப்பு 26 வாரம்; அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கழித்துப் பார்த்தால், பிள்ளைக்கு நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில் தாய் அலுவலகம் திரும்பியாக வேண்டும். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சட்டம் அல்ல, பிள்ளைத்தமிழ். அங்கே 5ஆம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுகிற பருவம்.

ஆண்பிள்ளைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கில் 3ஆம் மாதம் காப்பு. பிறகு இரண்டிரண்டு மாதமாக ஏறி 21ஆம் மாதம் சிறுதேரில் முடியும். ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனுக்குப் பாடிய நாளிலிருந்து ராஜாக்களும் தெய்வங்களும் இந்த அட்டவணைப்படிதான் வளர்ந்தார்கள். இரண்டாம் மாடியிலும் அப்படியே. காலை எட்டரைக்குக் கதவு திறந்திருந்தால் தால், சப்பாணி, சிறுபறை மூன்றும் ஒரே கூடத்தில் நடக்கும். சிறுபறைக்கு அகப்பைக் காம்பும் எவர்சில்வர் தட்டும். என் மதியத் தூக்கம் போனது அந்தப் பருவத்தில்தான்.

பத்துப் பருவங்களில் பாடக் கடினமானது அம்புலி என்பார்கள். நிலவைப் பிள்ளையோடு விளையாட வரவழைக்கச் சாமம், பேதம், தானம், தண்டம் நான்கையும் புலவர் காட்டியாக வேண்டும். நீயும் இவளும் ஒரு ஜாடை என்று குழைய வேண்டும்; நீ தேய்பவன், இவள் அப்படியல்ல என்று குத்த வேண்டும்; வந்தால் என்ன கிடைக்கும் என்று ஆசை காட்ட வேண்டும்; வராவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்டவும் வேண்டும். அம்மாள் இதை ரசஞ்சாதக் கிண்ணத்தோடு தினமும் செய்கிறார். “என் சமர்த்தில்ல?” சாமம். “அவன் பாரு, உனக்கு முன்னாடி முடிச்சுட்டான்!” பேதம். அப்பளம் தானம். தண்டத்துக்குப் பால்கனிக்கு வெளியே ஒரு பூச்சாண்டி குடியிருக்கிறான். பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரருக்கு ஒரு நிலா போதும். அம்மாளுக்கு ஐந்து வாய்.

21ஆம் மாதத்தோடு புலவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அம்மாளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஜட்டியை நனைக்காமல் பிள்ளையைப் பழக்குகிறாரே, அந்தப் பதினோராம் பருவத்தைப் பாட ஒருவரும் துணியவில்லை. பேச்சு திருந்தி, தானே சாப்பிட்டு, தானே செருப்பு மாட்டி, இனி இந்தப் பிள்ளையால் தொந்தரவில்லை என்கிற நாளில் ஜூன் மாதம் வந்துவிடும். பிள்ளை பிரீகேஜிக்குப் போய்விடும். வேலையை ஒழுங்காகச் செய்தால் வாடிக்கை போய்விடுகிற தொழில் இது.

அதனால்தான் வருஷா வருஷம் அந்தத் தாள். ஆனால் தாளைப் பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்த்ததாகத் தெரியவில்லை. தாளைப் பார்த்து வருபவர்கள் கேமரா உண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சேருகிற பிள்ளைகள் எல்லாம் தடுப்பூசி வரிசையிலிருந்து வருகின்றன. 6, 10, 14 வாரங்களில் ஊசி. மூன்றாவது ஊசிக்குள் தாய்மார்களின் பேச்சு காய்ச்சல் மருந்தைத் தாண்டி ‘யாரிடம் விடப் போறீங்க?’ என்பதற்கு வந்துவிடும். அங்கே மூத்தவனை அம்மாளிடம் விட்ட ஒருத்தி, இளையவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் சொல்வதுதான் விளம்பரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் காப்பகங்களுக்குப் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் கைக்குழந்தையோடு போய்வந்து பார்த்தவர்கள் இரண்டாம் மாடிக்கே திரும்பியிருக்கிறார்கள்.

13ஆம் மாதத்து வருகைப் பருவத்தை மட்டும் இந்த வீடு கொஞ்சம் புரட்டிப்போட்டிருக்கிறது. பாட்டில், தளர்நடை போடும் பிள்ளையை ‘வருக, வருக’ என்று அழைப்பார்கள். இங்கே மாலை ஆறரைக்கு, தோளில் மடிக்கணினிப் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று தாய் அழைக்கிறாள். பிள்ளை அம்மாளின் புடவைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. தாயின் முகம் ஒரு கணம் சுருங்கும். அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “பகல் பூரா உன்னைத்தான் கேட்டுது” என்பார். பெரும்பாலும் பொய். அவர் செய்யும் வேலையில் மிகத் தேர்ந்த வேலை அது என்பேன்.

பிள்ளையை விட இடம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் போய்ப் பார்க்காதீர்கள். காலையில் எந்த வீட்டிலும் பிள்ளை அழும். மாலையில், கூட்டிப்போக வரும் நேரத்தில், சொல்லாமல் போய் வாசலில் நில்லுங்கள். கேமராவைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.