மணிலாப் புண்ணாக்கு எங்கே போகிறது?

வல்லம், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை, மணிலா என்றுதான் பேர். டி.எம்.வி. என்று பெயர் தொடங்கும் கடலை ரகங்கள் எல்லாம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. ஆட்டிய எண்ணெய் மனிதனுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. அதில் நூற்றுக்கு 40க்கு மேல் புரதம். விலையும் அதற்கேற்றபடி!

பால் குறைந்தால் நம்ம ஊரில் முதல் வைத்தியம், "இன்னும் ஒரு கை புண்ணாக்கு போடு" என்பதுதான். போட்டது பாலாக வருகிறதா? ஒரு வரவு செலவுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பசு நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது. அது தின்னும் தீவனத்தில் மொத்தம் 1.25 கிலோ புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக வரவு 200 கிராம். பாலில் உள்ள புரதம் சுமார் 320 கிராம். அதிலுள்ள நைட்ரஜன் 50 கிராம். மீதி 150 கிராம்? பெரும்பாலும் சாணியிலும் மூத்திரத்திலும் போய்விட்டது. நூறு ரூபாய் போட்டு இருபத்தைந்து ரூபாய் எடுப்பது மாதிரி. இந்த மாட்டுக்கு மட்டும் வந்த நஷ்டம் இல்லை, உலகம் முழுக்க கறவை மாடுகளின் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான்.

ஏன் இப்படி? மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புண்ணாக்கு உள்ளே போனதும் பெரும்பகுதியை அவைதான் உடைக்கின்றன. கடைசியில் மிஞ்சுவது அம்மோனியா. அதைப் பிடித்து நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பை வளர்க்கின்றன. பிறகு அவையே நான்காம் வயிற்றுக்கும் குடலுக்கும் போய் செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிர்ப் புரதம்தான்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் பின்லாந்து விஞ்ஞானி விர்த்தானென், 1945ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். புரதமே இல்லாத தீவனத்தோடு யூரியாவும் அம்மோனிய உப்பும் கொடுத்து, பசுவிடம் ஒரு வருடத்தில் 4000 கிலோவுக்கு மேல் பால் கறந்து காட்டினார். 1966ல் அந்த முடிவுகள் வெளியாயின.

அப்படியானால் யூரியாவை அள்ளிப் போடலாமா? கூடவே கூடாது! நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் பிடிக்க அவற்றுக்குச் சக்தி வேண்டும். அது மக்காச்சோளம், கம்பு, தவிடு, நல்ல பசுந்தீவனம் இவற்றிலிருந்து வர வேண்டும். சக்தி இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் தள்ளும். கல்லீரலின் திறனையும் மீறிப் போனால் மாடு துடிதுடித்துச் செத்தே போகும். கன்றுக்குட்டிக்குப் பெருவயிறே வளர்ந்திருக்காது, அதற்கு யூரியா பக்கமே போகக் கூடாது. பாதுகாப்பான வழி வைக்கோலை ஊட்டமேற்றுவது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்து, பிறகு ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். இதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

அதிகம் கறக்கும் மாட்டுக்கு நுண்ணுயிர்ப் புரதம் மட்டும் போதாது. அதற்காகவே பெருவயிற்றில் உடையாமல் தப்பிக்கும்படி பக்குவப்படுத்திய புண்ணாக்கு வந்திருக்கிறது. நாலைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. எந்த மாட்டுக்கு எது, எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல, தேசிய பால்வள வாரியம் 2012ல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தில் சமச்சீர் தீவனத் திட்டத்தையும் சேர்த்தது.

பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த 150 கிராமில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் லாபம்தான். அடுத்த முறை பால் குறைந்தால் புண்ணாக்கு மூட்டையைப் பிரிக்கும் முன், மாடு வெறும் வைக்கோலோடு நிற்கிறதா, அதற்குத் தானியமும் பசுந்தீவனமும் போதுமான அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் புண்ணாக்கை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அதற்குத் தனியாக ஒரு பைசா செலவில்லை.