தொடர்புப் பலகைக்கான படங்கள்

பேச்சு வராத பிள்ளைகளுக்கும், வரும் பேச்சு போதாத பிள்ளைகளுக்கும் படமே சொல். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்கள் பலர் படத்தைத் தொட்டோ, அட்டையை எடுத்து நீட்டியோ, கண்ணால் சுட்டியோ மனதில் இருப்பதைத் தெரிவிக்கிறார்கள். அந்தப் படங்களைத் தேர்ந்து கொடுப்பவர் சிறப்பாசிரியர். அவர் எதைத் தொடர்புப் பலகையில் வைக்கிறாரோ அதை மட்டுமே பிள்ளையால் சொல்ல முடியும் என்பதால் இந்தத் தேர்வு சாதாரண வேலையல்ல.

இணையத்தில் கிடைக்கும் படத்தொகுதிகளில் ஆசிரியர்கள் அதிகம் நாடுவது அராசாக். ஸ்பெயினின் அரகோன் தன்னாட்சிப் பகுதி அரசுக்குச் சொந்தமான இதன் படங்களை வரைந்தவர் செர்ஜியோ பலாவ். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் வகுப்பில் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம். வரைந்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், விற்கக் கூடாது. மல்பெரி அதைவிடச் சிறிய இலவசத் தொகுதி. அமெரிக்காவில் தோன்றிய பிசிஎஸ், இங்கிலாந்தின் விட்ஜிட் இரண்டுக்கும் கட்டணம் உண்டு. சென்னையில் உருவான ஆவாஸ் தொடர்புச் செயலியும் கட்டணச் செயலிதான். ஆனால் தமிழில் பேசும்.

எதை எடுத்தாலும் அதிலேயே நிற்பது நல்லது. ஒரு படம் அராசாக்கிலிருந்து, இன்னொன்று கூகுள் தேடலிலிருந்து என்று கலந்தால், ஒரே கோட்டோவியப் பாணியைப் படிக்கப் பழகிய பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

படத்தொகுதியைத் திறந்ததும் கை தானாகப் போவது பெயர்ச்சொற்களிடம். பந்து, பூனை, வாழைப்பழம் எல்லாம் பார்த்தவுடன் புரியும். அச்சிட்டு லேமினேட் செய்ய அழகாகவும் இருக்கும். ஆனால் இருபது பெயர்ச்சொற்கள் கொண்ட பலகையால் பிள்ளை பொருளைக் கேட்கலாம், ஆசிரியர் கேட்டால் காட்டலாம், அவ்வளவே. ‘வேண்டாம்’, ‘இன்னும்’, ‘நிறுத்து’, ‘வலிக்குது’, ‘போகலாம்’ ஆகியவையே நாள் முழுக்கத் தேவைப்படும் சொற்கள். இவற்றின் படங்கள் தாமாகப் புரிவதில்லை. ஓர் அம்புக்குறி, விரித்த கை, குறுக்குக்கோடு என்று அவை மரபாக ஏற்கப்பட்டவை, சொல்லிக்கொடுத்தால்தான் பிடிபடும். ஆசிரியர் பேசும்போதெல்லாம் அந்தப் படத்தைத் தானும் தொட்டுக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். படம் தெளிவாக இல்லை என்று அந்தச் சொல்லையே விட்டுவிடுவது பெரிய அநியாயம். மதிய உணவின்போது ‘போதும்’ என்று சொல்ல வழியில்லாத பிள்ளை தட்டைத் தள்ளிவிடுகிறது. அது பதிவேட்டில் நடத்தைப் பிரச்சினையாக ஏறுகிறது.

வெளிநாட்டில் வரைந்த படங்களில் ஊர்ப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். காலை உணவு என்றால் ரொட்டியும் பால் கிண்ணமும், தண்ணீர் என்றால் கண்ணாடிக் குவளை, கழிப்பறை என்றால் மேற்கத்தியக் கோப்பை. எவர்சில்வர் டம்ளரில் குடிக்கும் பிள்ளைக்குக் கண்ணாடிக் குவளை அந்நியம். அராசாக் தளத்தில் மனிதர்களின் தோல் நிறத்தையும் முடி நிறத்தையும் மாற்றிக்கொள்ள முடியும். இட்லி, தோசைக்கல், பள்ளியின் கழிப்பறைக் கதவு போன்றவற்றைச் செல்பேசியில் எடுத்துவிடலாம். பின்னால் ஒற்றை நிறத் துணியைத் தொங்கவிட்டால் பொருள் மட்டும் தெரியும். புகைப்படத்துக்கு ஒரு குறை உண்டு. அது படத்தில் உள்ள அந்த டம்ளரை மட்டுமே குறிக்கிறது என்று சில பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வெவ்வேறு டம்ளர்களைக் காட்டிவிட்டுப் படிப்படியாகக் கோட்டோவியத்துக்கு வரலாம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்குப் பார்ப்பதைப் புரிந்துகொள்வதிலும் சிரமம் இருக்கும். கறுப்புப் பின்னணியில் அழுத்தமான நிறத்தில் பெரிய படங்கள் நான்கே போதுமாகலாம். பளபளக்கும் லேமினேஷன் உறை விளக்கொளியில் கண்ணைக் கூசச்செய்யும். மங்கலான உறை மேல். சொல்வகைக்கு ஏற்ப நிறம் தருவதும் வழக்கம்: ஆட்களுக்கு மஞ்சள், வினைக்குப் பச்சை. காது கேளாத மாணவர்களுக்கு வாக்கியம் கற்பிக்க எடித் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1926-இல் வெளியிட்ட முறையிலிருந்து இது வளர்ந்தது. நிறத்தைவிட முக்கியம், ஒவ்வொரு படமும் ஒரே இடத்தில் இருப்பது. கை இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. புதுச் சொற்கள் சேரும் என்று முதலிலேயே காலிக் கட்டங்கள் விட்டுவைத்தால் பழையவற்றை நகர்த்த வேண்டியதில்லை.

தேர்ந்த படம் சரிதானா என்பதைச் சோதனைக் கேள்விகளால் அறிய முடியாது. யாரும் கேட்காதபோது பிள்ளை தானாக அதைத் தொடுகிறதா என்று சில வாரங்கள் கவனிக்க வேண்டும். டேப்லெட்டில் உள்ள பலகையின் காகிதப் பிரதி ஒன்று பள்ளிப் பையிலும் இன்னொன்று வீட்டிலும் இருக்க வேண்டும், சார்ஜ் தீர்ந்தாலும் பேச்சு நிற்காமல் இருக்க. மூலக் கோப்பும், எந்தத் தொகுதி என்ற குறிப்பும் அடுத்த வகுப்பு ஆசிரியருக்குப் போய்ச் சேர வேண்டும்.