கண்ணை மூடினால் கால் எங்கே?



நீண்ட நாள்களாக இந்த வலைப்பூவின் பக்கம் என்னால் வர இயலவில்லை. வேலைப் பளு என்று வழக்கம்போல் சொல்லிவிடலாம். ஆனால் இம்முறை உண்மையான காரணம் என் இடது முழங்கால்தான். பள்ளி விளையாட்டுப் போட்டியின் ஆசிரியர் ஓட்டத்தில், வயதை மறந்து வளைவில் வேகமாகத் திரும்பினேன். திடலிலேயே விழுந்தேன். முழங்காலுக்குள் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாண் ஒன்று கிழிந்துவிட்டதாக மருத்துவர் கூறினார். மாணவர்கள் கைதட்டியது என் வேகத்திற்கா வீழ்ச்சிக்கா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வலி சில மாதங்களில் தணிந்தது, வீக்கமும் வற்றியது. ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஓர் இரவு மின்சாரம் தடைபட்டபோது வீட்டுப் படிக்கட்டில் இறங்கினேன். இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் காலை நீட்டினேன். அங்கே தரைதான் இருந்தது. வெளிச்சத்தில் ஒழுங்காக நடக்கும் கால், இருட்டில் யாருடைய காலோ போல நடந்துகொண்டது.

இதனை இயன்முறைச் சிகிச்சையாளரிடம் சொன்னேன். அவர் ஓர் இளம் மலாய்ப் பெண். என்னைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்துத் தொடையை அசையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு திறன்பேசியை எடுத்து ஒட்டுப்பட்டையால் என் கணைக்காலில் கட்டினார். "துத்துப் மாத்தா, சிக்கு" என்றார். கண்களை மூடினேன்.

கால் நேராகத் தொங்கும் நிலை சுழியம். அங்கிருந்து மெல்ல உயர்த்தச் சொல்லி, 45 பாகை வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இந்த நிலையை ஐந்து நொடி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்" என்றார். காலை இறக்கினேன். இப்போது எவர் துணையுமின்றி அதே உயரத்திற்கு நானே கொண்டுபோக வேண்டும். நல்ல காலில் 47, 44, 46 என வந்தது. அடிபட்ட காலிலோ 53, 38, 51. மூன்று முறையும் மிகச் சரியாக நிறுத்திவிட்டதாகவே நான் உறுதியாக நம்பினேன் என்பதுதான் இதில் வேடிக்கை.

நான் கணிதமும் போதிக்கிறவன். எண்களைக் கண்டால் கை சும்மா இராது. அடிபட்ட காலின் பிழைகள் கூட்டல் 8, கழித்தல் 7, கூட்டல் 6. குறிகளோடு கூட்டிச் சராசரி கண்டால் 2.3 பாகைதான், ஏறக்குறைய நலமான கால் என்று ஏமாந்துபோவோம். குறியை நீக்கிக் கூட்டினால் சராசரி 7 பாகை. நல்ல காலுக்கு அதே கணக்கு 1.3 தான். அதனால்தான் குறியை விட்டுவிட்டுப் பிழையின் அளவை மட்டும் எடுப்பதாக அவர் விளக்கினார். ஒரு பக்கமாகவே தவறுகிறோமா என்று அறியக் குறியோடும் பார்ப்பதுண்டாம்.

கண்ணால் பாராமலேயே உறுப்புகள் எங்கே, எந்தக் கோணத்தில் உள்ளன என்று நமக்குச் சொல்லும் இவ்வுணர்வை மூட்டு நிலை உணர்வு எனலாம். பிரிட்டன் நாட்டு உடலியலாளர் சார்லஸ் செரிங்டன் 1906-இல் இத்தகைய உணர்வுகளுக்குப் 'புரோப்பிரியோசெப்சன்' என்று பெயரிட்டார். தசைகளுக்குள் கதிர் வடிவில் இருக்கும் நுண்ணிய உறுப்புகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை இடைவிடாமல் மூளைக்குத் தெரிவித்தவண்ணம் உள்ளன. நாண்களிலும் மூட்டைச் சூழ்ந்த உறையிலும் உணர் நரம்பு முனைகள் உண்டு. என் நாண் கிழிந்தபோது கயிறு மட்டும் அறுபடவில்லை. கூடவே தந்திக் கம்பியும் அறுந்திருக்கிறது. 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அர்டெம் பட்டபூட்டியன் கண்டறிந்த பியேசோ2 என்னும் புரதம் இவ்வுணர்வுக்கு இன்றியமையாதது. ஐம்புலன் என்று வகுப்பில் எத்தனை ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருப்பேன்! இந்த ஒன்றைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

திறன்பேசிக்கு இது எப்படித் தெரிகிறது? அதனுள் முடுக்கமானி என்றொரு சில்லு இருக்கிறது. மிக நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று வில் போன்ற தாங்கிகளில் நிற்கும். புவியீர்ப்பு அதனை எப்பக்கம் இழுக்கிறது என்பதைக் கொண்டு கருவியின் சாய்வு கணக்கிடப்படுகிறது. திரையைத் திருப்பினால் படமும் திரும்புவது இதனால்தான். சுவரில் படம் மாட்டும்போது மட்டம் பார்க்க நாம் பயன்படுத்தும் அதே வசதியைத்தான் அவர் என் காலில் கட்டினார்.

இதற்கு எல்லைகளும் உண்டு. கருவி அளப்பது தன் சாய்வை. மூட்டின் கோணத்தை அன்று. தொடை அசைந்தால் கணக்கு கெட்டது. மேசைமேல் கையை வைத்து இடமும் வலமுமாகத் திருப்பினால் ஈர்ப்பின் திசை மாறாததால் முடுக்கமானிக்கு எதுவும் தெரியாது. பட்டை தளர்ந்தாலும் பிழை. ஒருவர் தம்மைத் தாமே சோதிப்பதும் கடினம். திரையைப் பார்க்கக் கண்ணைத் திறந்தால் சோதனை முடிந்தது!

அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஆண்டு 2-இல் இருக்கும் ஒரு மாணவனே என் நினைவில் நின்றான். பென்சிலைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்துவான். மேசை முனைகளில் இடித்துக்கொள்வான். படியிறங்கும்போது தன் கால்களையே குனிந்து பார்ப்பான். "நிமிர்ந்து நட!" என்று நான் பலமுறை அதட்டியிருக்கிறேன். அவன் குறிப்பேட்டில் 'கவனக் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியவனும் நானே. இப்போது நானும் குனிந்து என் காலைப் பார்த்துத்தான் படியிறங்குகிறேன்.

மறுவாரம் உடற்கல்விப் பாடத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒரு விளையாட்டு வைத்தேன். சுவரில் அட்டைப் பாகைமானி ஒன்றை ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் காட்டிய உயரத்திற்குக் கையை மீண்டும் உயர்த்த வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் தவறினார்கள். அவன் மற்றவர்களைவிட மிகுதியாகத் தவறினான். இதைக் கொண்டு நான் எந்த முடிவுக்கும் வரவில்லை, வரவும் கூடாது. சிறுவர்களிடம் இவ்வுணர்வு இன்னும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கும் என்றும், ஒரு நாள் எண்ணை நோயின் பெயராக்கக் கூடாது என்றும் சிகிச்சையாளர் முன்பே எச்சரித்திருந்தார். ஆயினும், அவன் தாயாரை அழைத்துப் பேசாமல் இருப்பது முறையன்று எனப்பட்டது.

அவர் வந்ததும் முதலில் கேட்டது, "ஐயா, என் பிள்ளைக்கு மூளையில் ஏதும் கோளாறா?" என்பதே. எனக்குத் தொண்டை அடைத்தது. "அப்படி நான் சொல்லவில்லை அம்மா. நான் அவனைத் தவறாகத் திட்டியிருக்கக்கூடும் என்றுதான் சொல்ல அழைத்தேன்" என்றேன். அவர் சற்று யோசித்து, "கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் கை வாய்க்குச் சரியாகத்தானே போகிறது?" என்றார். என்னிடம் விடையில்லை. பழகிய செயலும் புதிய செயலும் ஒன்றல்ல என்று தோன்றியது. அதை உறுதியாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மருத்துவமனையின் செயல்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்கலாம் என்று மட்டும் கூறினேன். அடுத்த மாதம் நாள் கிடைத்திருக்கிறது. குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அவர் முன்னிலையிலேயே அடித்துத் திருத்தினேன்.

என் பயிற்சி தொடர்கிறது. ஒற்றைக் காலில் நிற்கிறேன், மெத்தைமேல் நிற்கிறேன், பல் துலக்கும்போதும் நிற்கிறேன். வீட்டில் என்னைக் கொக்கு என்கிறார்கள். திறன்பேசிச் சோதனை நடந்த கதையை வகுப்பில் சொன்னதிலிருந்து அந்த மாணவன் வாரந்தோறும் கணக்கு விசாரிக்கிறான். நேற்றும் என் மேசையருகே வந்து நின்றான்.

"ஐயா, உங்கள் முட்டி இந்த வாரம் எத்தனை?"

"நான்கு" என்றேன்.

"போன வாரம் ஐந்துதானே?" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்திற்குப் போனான், மேசை முனையில் இடித்துக்கொண்டே.