காலிங்பெல்லில் பெயர் இருக்கிறதா? ஜெர்மனியில் அப்போதுதான் இன்டர்நெட் வரும்!

பெர்லின் நகரத்துப் பழைய குடியிருப்புகளில் நுழைவாயில் ஓரம் வரிசையாகக் காலிங்பெல் பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். பெரும்பாலான கட்டடங்களில் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. தபால்காரர் முதல் இன்டர்நெட் டெக்னீஷியன் வரை, பெயரைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நம்மூர் ஆட்களுக்கு முதல் குழப்பம் இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பலருக்கும் அப்பா பெயர்தான் இருக்கும். ஒப்பந்தத்திலும் அதுவே ஏறும். அதனால், ஊரில் இனிஷியலாக மட்டும் இருந்த அப்பா, பெர்லினில் முழுப்பெயரோடு வாசலில் ஏறிவிடுவார். அதை எழுதி ஒட்டவில்லையென்றால் ரௌட்டர் பார்சல்கூட கைக்கு வந்து சேராது.

முதலில் சிம்

வீட்டு இணைப்பு கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ப்ரீபெய்டு சிம்தான் துணை. சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கலாம். ஆனால், 2017 ஜூலை முதல் அடையாளச் சான்று கட்டாயம். வீடியோ காலிலோ, தபால் நிலையத்திலோ பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகே சிம் வேலை செய்யும். ஊர் சிம்மையும் ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். நம்மூர் வங்கியின் ஓ.டி.பி அதற்குத்தான் வரும்.

அடுத்தது 'அன்மெல்டுங்' எனும் முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள், வீட்டு உரிமையாளர் தந்த சான்றுடன் செய்ய வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. இன்டர்நெட் கட்டணத்தைப் பெரும்பாலும் அதிலிருந்து மாதாமாதம் நேரடியாக எடுத்துக்கொள்வார்கள்.

டெக்னீஷியனுக்காக ஒரு நாள்

'காலை 8 முதல் 12 மணிக்குள் வருவோம்' என்பது போலத் தகவல் வரும். அன்று வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும். இணைப்புப் பெட்டி பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் இருக்கும். அதன் சாவி, கட்டடத்தைப் பராமரிக்கும் 'ஹவுஸ்மைஸ்டர்' என்பவரிடம் இருக்கும். முன்கூட்டியே கேட்டு வைத்தால் டெக்னீஷியன் திரும்பிப் போகும் நிலை வராது.

சொன்ன நேரத்துக்கு டெக்னீஷியன் வரவில்லையா? 2021 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவிகிதம், இவற்றில் எது அதிகமோ அது.

இணைப்பு வந்ததும் லேண்ட்லைன் நம்பரும் கிடைக்கும். அது இன்டர்நெட் வழியாகவே இயங்குவதால் ரௌட்டரை அணைத்தால் போனும் அணைந்துவிடும். 'அன்லிமிடெட்' என்பது பெரும்பாலும் ஜெர்மனிக்குள் மட்டும்தான். அம்மாவிடம் பேச வாட்ஸ்அப்பே நல்லது. குளிர்காலத்தில் அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே 12.30 என்பதையும் மறக்க வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ் ஜாக்கிரதை

புதுப்படத்தை டோரன்ட்டில் இறக்கும் பழக்கம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். காப்புரிமை வைத்திருப்பவர்களின் வக்கீல்கள் ஐ.பி முகவரியைப் பிடித்து, பல நூறு யூரோ கேட்டு நோட்டீஸ் அனுப்புவது அங்கே சர்வசாதாரணம். நோட்டீஸ், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, இணைப்பைத் தன் பெயரில் வாங்கும் மாணவர் இதை முதல் நாளே எல்லோரிடமும் பேசிவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

மலிவாகத் தெரியும் பல திட்டங்கள் 24 மாத ஒப்பந்தங்கள். இரண்டு வருடப் படிப்புக்கு வந்தவர் ஆறாவது மாதத்தில் அதில் கையெழுத்திட்டால், படிப்பு முடிந்த பிறகும் பணம் கட்ட வேண்டிவரும். 12 மாதத் திட்டம் ஒன்றையாவது நிறுவனம் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் ஒப்பந்தம் போட்டிருந்தால் 14 நாள்களுக்குள் மனம் மாறலாம். முதல் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால், ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். 2022 ஜூலை முதல், ஆன்லைனில் ஒப்பந்தம் போடும் வசதி தரும் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் ரத்து செய்வதற்கும் பட்டன் வைத்தாக வேண்டும். அதை அழுத்தியதும் வரும் உறுதிப்படுத்தல் மெயிலை, கடைசித் தவணை கழியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.