பதிவேட்டில் விடுபடும் உயிர்கள்

கடல்நீரில் ஒரு துளியை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்குபவன் காண்பது, அதில் வாழ்வனவற்றுள் ஒரு சிறு பகுதியையே ஆகும். உருவத்தால் ஒன்றெனத் தோன்றுவன இனத்தால் வேறாயிருக்கும். சில ஆய்வுக்கூடத்தில் வளரவே மறுக்கும். ஆகவே, பாசிகள், ஒருசெல் விலங்குகள், நுண்பூஞ்சைகள் முதலிய மெய்க்கருவுயிரிகளைக் கணக்கிட முனைந்த அறிவியலார், உருவத்தை மட்டும் நம்பாது மரபணுவை நாடினர்.

இவ்வுயிர்கள் யாவற்றிலும் புரதம் சமைக்கும் ரைபோசோம் உண்டு. அதன் உறுப்பாகிய 18எஸ் ஆர்என்ஏவுக்குரிய மரபணு ஏறத்தாழ 1,800 எழுத்துகள் கொண்டது. அதில் சில இடங்கள் நெடுங்காலமாக மாறாதிருக்க, இடைப்பட்டவை இனத்துக்கு இனம் வேறுபடும். மாறாத இடத்தில் ஒட்டுமாறு, 20 எழுத்தளவில் செய்யப்படும் டிஎன்ஏ இழையே பிரைமர் எனும் தொடக்கி. இரு தொடக்கிகள் இருபுறமும் பற்றிக்கொள்ள, நடுப்பகுதி பிசிஆர் முறையில் கோடிக்கணக்கான படிகளாகப் பெருகும். 1988இல் மெட்லினும் உடனாய்வாளரும் வெளியிட்ட தொடக்கிகள் இம்மரபணுவை ஏறக்குறைய முழுமையாகவே பெருக்கித் தந்தன. பின்வந்த கருவிகளோ, இலட்சக்கணக்கான இழைகளை ஒருசேரப் படித்தாலும் ஒவ்வொன்றிலும் சிறு துண்டையே படித்தன. அதனால் வி4, வி9 என்னும் பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. வி4 ஏறத்தாழ 380 எழுத்து. இனம் பிரித்தறியச் செய்தி மிகுதி. வி9 ஏறத்தாழ 130 எழுத்தே.

‘பொதுத் தொடக்கி’ என்னும் பெயரை அப்படியே நம்பிவிடலாகாது. முன்பே அறிந்த உயிர்களின் எழுத்துவரிசைகளை அடுக்கி, ஒற்றுமை கண்ட இடத்திலேயே அது வகுக்கப்படுகிறது. அறியாத உயிர்க்கு அவ்வடுக்கில் இடமேது? பதிவேட்டில் பெயரில்லாத மாணவன், வகுப்பில் அமர்ந்திருந்தும் வராதவனாகவே கணக்காவான்!

பரவலாகப் பயன்பட்ட வி4 தொடக்கி ஒன்றின் கடைசி எழுத்து, ஹாப்டோபைட் பாசிகளின் வரிசையோடு பொருந்தவில்லை. இழை வளரத் தொடங்கும் முனை அதுவாதலின், அங்கு நேரும் பிழை பெரும்பிழை. விண்கோள்களுக்கும் புலனாகுமாறு கடலை வெளுக்கச் செய்யும் எமிலியானியா இக்குலத்ததே. வானிலிருந்து தெரியும் உயிர் சோதனைக் குழாயில் குறைவாகத் தெரிவது விந்தையன்றோ! பின்னர் அவ்வெழுத்தை நீக்கித் தொடக்கியைத் திருத்தினர்.

டிப்லோனீமிட்டுகளின் கதை இதனினும் பெரிது. அரியவை எனக் கருதப்பட்ட இவ்வொருசெல் உயிர்களை வி4 தொடக்கிகள் சரிவரப் பற்றுவதில்லை. 2009 முதல் 2013 வரை தாரா கப்பலில் சேகரித்த கடல்நீரை வி9 கொண்டு ஆராய்ந்தோர், 2015இல் ஏறத்தாழ 1,50,000 மெய்க்கருவுயிரி வகைகளை அறிவித்தனர். அவற்றுள் டிப்லோனீமிட்டுகள் மிகப் பல்கிய குலங்களுள் ஒன்றாய் நின்றன. மூன்றிலொரு பங்கு வகைகளோ அறிந்த எக்குலத்திலும் சேரவில்லை.

பற்றிக்கொண்டாலும் எண்ணிக்கை நேர்மையாக அமைவதில்லை. டைனோபிளாஜெல்லேட்டுகளின் ஒரு செல்லிலேயே இம்மரபணு ஆயிரக்கணக்கில் இருக்கலாம். நுண்பாசி ஒன்றிலோ சிலவே இருக்கும். எனவே, படிகளின் தொகையை உயிர்களின் தொகையாகக் கொள்வது தவறு.

இதனால், தொடக்கியைத் தெரிவு செய்வோர் முதலில் ‘யாரைத் தேடுகிறோம்?’ என வினவிக்கொள்ளல் வேண்டும். தொகுப்புகளில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு, எக்குலம் விடுபடும் என்று பார்க்கின்றனர். அறிந்த உயிர்களின் கலவையில் சோதிக்கின்றனர். இயன்றவிடத்து இரு பகுதிகளையும் படிக்கின்றனர். எஞ்சிய டிஎன்ஏவை, பிறிதொரு தொடக்கியால் படிக்கும் நாளுக்கென உறைகுளிரில் சேமிப்போரும் உளர்.